இருநூற்றுப் பன்னிரண்டாவது முறை

அனுசுயாவுக்கு வேலை போனது ஒரு புதன்கிழமை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவள் ஒன்பது வருடம் இருந்த கம்பெனி ஒரு மாடியை முழுதாகக் காலி செய்தது. அந்த மாடியில் அவள் இருந்தாள். மூன்று மாதச் சம்பளமும் ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்து அனுப்பினார்கள். மதியமே ஆவடிக்கு வந்து, மாமியார் பொன்னம்மாளிடம் லீவு என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். கணவன் செல்வகுமார் வந்தபின்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"வுடு. ஆறு மாசம் ரெஸ்ட் எடு," என்றான் அவன். மனதாரத்தான் சொன்னான்.

இருவரும் வேலப்பன்சாவடிப் பக்கத்து எஞ்சினியரிங் காலேஜில் ஒரே வகுப்பு. எல்லாப் பரீட்சையிலும் அவள்தான் முதல். அவன் ஒன்பதாவது, பத்தாவது என்று வருவான். அப்போது அது அவனை உறுத்தியதே இல்லை. அவள் முதலாவதாக வருவதை நண்பர்களிடம் தன் மார்க் போலச் சொல்லித் திரிந்தான். கல்யாணத்துக்குப் பின் அவள் பேங்க் சாஃப்ட்வேர் பக்கம் போனாள், அவன் கெர்னல் பக்கம் போனான். கீழே மாமனார் மாமியார் எதிரில் அவனை 'வாங்க, போங்க' என்பாள். மாடி ஏறிவிட்டால் 'நீ, வா, போ' தான், காலேஜில் இருந்தது போல.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிப்படை புரோகிராம். செல்வகுமார் வேலை செய்த கெர்னல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் எழுதி மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். எல்லோரும் பார்க்கும்படி அதை அலசுவார்கள். கடைசியில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் சரி என்றால் உள்ளே போகும், எழுதியவர் பெயரோடு.

அவனுடைய பகுதி, மெஷினுக்குள் ஓடும் மெஷின்கள். ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் இருபது கம்ப்யூட்டர்கள் இருப்பது போல ஓட்டுவார்கள். உள்ளே இருப்பது கெஸ்ட், தாங்குவது ஹோஸ்ட். நிஜமான டிஸ்க் இருப்பதாகக் கெஸ்ட்டை நம்பவைத்தால் எல்லாம் மெதுவாகும். அதனால், தான் நிஜ மெஷின் இல்லை என்று தெரிந்தே வேலை செய்யும் டிரைவர் புரோகிராம்களை எழுதுவார்கள். 'இதைப் படித்துக் கொடு, இதை எழுதி வை' என்று ஒரு பொது வரிசையில் போட்டுவிட்டு ஹோஸ்ட்டுக்கு மணி அடித்தால் போதும், அது பார்த்துக்கொள்ளும். இதில் ஒரே சங்கடம், ஒவ்வொரு சின்ன வேலைக்கும் மணி அடிப்பதில் நேரம் வீணாகும். அதைக் குறைக்கத்தான் செல்வகுமார் பதினொரு மாதமாக ஒரு பேட்ச் தொடரை எழுதிக்கொண்டிருந்தான். மொத்தம் பதினான்கு பேட்சுகள். ஐந்து முறை திருப்பி அனுப்பப்பட்டு ஆறாவது முறை லிஸ்டில் கிடந்தது.

வேலை இல்லாத அனுசுயா அந்தத் தொடரைப் படிக்க ஆரம்பித்தாள். முதலில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. சாப்பிடும்போது கேள்வி கேட்பாள், சாம்பார் தொட்ட விரலால் தட்டில் படம் போட்டு விளக்குவான். ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கேட்டாள்.

"எட்டு வேல சேர்ற வரைக்கும் மணி அடிக்காம வெச்சிருந்து, அப்பறம் ஒரே தடவ அடிச்சா? எட்டு சேரலன்னா ஒரு டைமர் வெச்சு அடிச்சிக்கலாம். இதுக்கு எதுக்கு பதினாலு பேட்ச்சு?"

"நீ நெனைக்கிற மாதிரி இல்ல அது. அவ்ளோ ஈசியா இருந்தா யாராச்சும் பண்ணிருக்க மாட்டாங்களா?"

"டிரை பண்ணி பாக்கட்டா?"

"பாரு."

மாடி அறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. இருவரும் அதில்தான் சோதனை செய்வார்கள். நாலு நாளில் அவள் நாற்பத்தொரு வரி எழுதினாள். வேகம் அவன் தொடரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. லிஸ்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள். அங்கே இருப்பவர்கள் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள், தானாகப் புரிந்துகொள்வாள் என்று நினைத்து, "அனுப்பேன், இன்னா இப்ப?" என்றான்.

மறுநாள் காலை பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடந்துகொண்டே போனைத் திறந்தான். மெயின்டெய்னர் பதில் போட்டிருந்தார். செல்வகுமாரின் ஆறு அனுப்புதல்களுக்கும் சேர்த்து அந்த மனிதர் ஒருமுறைகூட எழுதாத ஒரு சொல் அதில் இருந்தது, 'அழகு'. இதுதான் சரியான வழி என்று தோன்றுகிறது, செல்வகுமாரின் தொடரை நிறுத்திவைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம், இரண்டு வாரம் எல்லோரும் சோதித்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

தெருவோரம் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. கிளீனர் தட்டிக் கத்தும்வரை அவன் நகரவில்லை.

ஆபீசில் மேனேஜர் நாகேந்திரன் தோளில் தட்டினார். "உங்க வைஃபாமே. சூப்பர்ப்பா. அப்ப நம்ம தொடர டிராப் பண்ணிடலாம், வேற வேல நெறைய இருக்கு." பதினொரு மாதம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. பக்கத்து சீட் அபிஷேக் டீ வாங்கிக் கொடுத்தான். "வீட்ல ரெண்டு பேரும் இதான் பேசுவீங்களா அண்ணா?" என்று சிரித்தான். செல்வகுமாரும் சிரித்தான். தாடை வலித்தது.

வீட்டில் அதைவிட மோசம். அப்பா பாஸ்கரன், டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவர். கெர்னல் என்றால் என்ன என்று மகனிடம் பத்து வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்று மருமகளை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் பேர ஃபாரின்காரன் எழுதிக்கீறானாமே. இன்னாம்மா பண்ண?"

"பெருசா ஒண்ணுமில்ல மாமா. இவரு பண்ணிகினு இருந்ததுதான், கொஞ்சம் சின்னதாக்கினேன்."

அந்த அடக்கம் அவனை இன்னும் எரித்தது. அவள் பீற்றிக்கொண்டிருந்தால்கூட ஒரு நியாயம் கிடைத்திருக்கும். பதினொரு மாதம் கட்டியதை நாலு நாளில் 'சின்னதாக்கினேன்' என்கிறாள். அதுவும் உண்மை.

அதன்பின் அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆபீசில் உட்கார்ந்து லிஸ்டில் அவள் பெயரைத் தேடுவான். யார் என்ன எழுதினார்கள், எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று பார்ப்பான். ஜெர்மனியிலிருந்து ஒருவர் அவளிடம் சந்தேகம் கேட்டிருந்தார். அதே மனிதர் போன வருடம் இவன் மெயிலுக்குப் பதிலே போடவில்லை. வீட்டுக்கு வந்து அவள் இங்கிலீஷில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவான். அவள் திருத்திக்கொண்டு தேங்க்ஸ் சொல்வாள். தன்னைப் பார்க்கத் தனக்கே பிடிக்காமல் போகும். ஆனாலும் மறுநாள் மறுபடி தேடுவான்.

ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பூந்தமல்லியில் அனுசுயாவின் தம்பி வீட்டில் விசேஷம். வேலை இருக்கிறது என்று சொல்லி அவன் போகவில்லை. அவள் பஸ் ஏறியதும் மாடிக்குப் போய் டெஸ்க்டாப்பைப் போட்டான். அவளுடைய பேட்சை ஏற்றிய ஒரு கெஸ்ட்டை ஓட்டி, அதைத் தூங்கவைத்து எழுப்பும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். ஹோஸ்ட்டைப் பழுது பார்க்கும்போது கெஸ்ட்டுகளை அப்படித் தூங்கவைத்து எழுப்புவார்கள். அவள் முப்பது முறை செய்து பார்த்திருந்தாள். அவன் நானூறு போட்டான். தப்பு இருக்கிறதா என்று பார்ப்பவன் முப்பதோடு நிறுத்துவான். தப்பு இருந்தாக வேண்டும் என்று உட்கார்ந்தவன் நானூறு போடுவான்.

மதியம் பொன்னம்மாள் படியில் நின்று குரல் கொடுத்தாள். "டேய், சோறு ஆறிகினு கீது."

"வரேம்மா."

அவன் போகவில்லை. மூன்றரை மணிக்கு, இருநூற்றுப் பன்னிரண்டாவது முறை, கெஸ்ட் எழுந்தது, ஆனால் அசையவில்லை. ஒரு ஃபைலைப் படிக்கக் கேட்ட புரோகிராம் பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றது.

செல்வகுமார் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டான். பல நாளாக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. காரணத்தை இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டான். எட்டு சேருவதற்கு முன், மூன்றோ நாலோ வேலை வரிசையில் காத்திருக்கும்போது தூங்கவைத்தால், டிரைவர் மணி அடிக்காமலேயே வரிசையைத் துடைத்துவிடுகிறது. எழுந்தபின் அந்த மூன்று வேலைகள் யாருக்கும் தெரியாது. அவளுடைய சோதனையில் வேலை குவிந்துகொண்டே இருந்ததால் எட்டு எப்போதும் சேர்ந்துவிட்டது.

லிஸ்டுக்குப் பதில் எழுத ஆரம்பித்தான். நாலு வரி எழுதியபின் கை நின்றது. இதை அனுப்பினால் என்ன ஆகும்? துடைப்பதற்கு முன் ஒருமுறை மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வரியில் அவள் சரிசெய்துவிடுவாள். மெயின்டெய்னர் இவனுக்கு ஒரு நன்றி சொல்வார். பேட்ச் இன்னும் உறுதியாகும். பதினான்கும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

எழுதியதை அழித்தான். ஒவ்வொரு முறையும் நடந்ததைத் தேதியோடு பதிந்து வைத்திருந்த லாக் ஃபைலை அப்படியே விட்டுவிட்டுக் கீழே போய் ஆறிய சோற்றைச் சாப்பிட்டான். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மறுநாள் அனுசுயா மல்லிகைப்பூவும் ஒரு டப்பா மைசூர்பாகுமாக வந்தாள். மாடிக்கு வந்ததும் கேட்டாள்.

"என் பேட்ச பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"எதுனா கீதா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீது."

"அப்ப ரிவ்யூ பண்ணேன்னு உன் பேர போடேன்."

"புருஷன் பேர பாத்தா சிரிப்பானுங்க. வேணாம்."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. தலையாட்டிவிட்டு மைசூர்பாகில் ஒரு துண்டை உடைத்து அவன் வாயில் வைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது, போனது. வியாழக்கிழமை பேட்ச் ஏற்கப்பட்டது. செல்வகுமார் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாயிற்று. இரண்டு மாதத்தில் புது வெளியீட்டில் அது உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பேட்சைப் பார்த்து எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி அனுசுயாவை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது.

இன்டர்வியூவுக்கு மூன்று நாள் முன்னால் புகார் வந்தது. பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் எழுதியிருந்தார். ஹோஸ்ட்டுகளைப் பழுது பார்த்தபின் நாற்பது கெஸ்ட்டுகள் எழுந்து அப்படியே நின்றுவிட்டன, மாணவர்கள் விண்ணப்பம் போடும் வாரம் அது, பழைய கெர்னலுக்குப் போனால் சரியாக இருக்கிறது. சந்தேகம் நேராக அனுசுயாவின் பேட்ச் மேல் விழுந்தது. இரண்டு நாளில் காரணம் தெரியாவிட்டால் பேட்சை வெளியே எடுத்துவிடுவதாக மெயின்டெய்னர் எழுதினார்.

அவள் அழவில்லை. டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஐம்பது முறை, அறுபது முறை தூங்கவைத்து எழுப்பினாள். ஒருமுறைகூடக் கெஸ்ட் நின்றுபோகவில்லை. நோட்டில் படம் படமாகப் போட்டாள். பொன்னம்மாள் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தால், "வெச்சிடுங்க அத்த," என்பாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். செல்வகுமார் வாசலில் நின்று பார்த்தான். இத்தனை நாள் எதிர்பார்த்தது இதைத்தான். அதில் ருசி எதுவும் இல்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. இப்போது சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ரயிலில், சொல்லிவிடுவது என்று முடிவுக்கு வந்தான். ஆவடியில் இறங்கி வீட்டுக்கு நடந்தான். கீழே அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மாடி ஏறினான். டெஸ்க்டாப் அணைந்திருந்தது. அனுசுயா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க," என்றாள்.

மாடியில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவன் பையை இறக்கிவைக்காமல் நின்றான்.

"டிஸ்க்ல எடமில்லன்னு சொல்லிச்சு. எதையாச்சும் அழிக்கலாம்னு தேடினேன். உங்க ஃபோல்டர்ல ஒரு லாக் இருந்திச்சு. நானூறு தடவ போட்டிருக்கீங்க. எரநூத்தி பன்னெண்டுல நின்னிருக்கு."

"அனு..."

"ஒம்பதாந்தேதி. நான் பூந்தமல்லிக்கு போன அன்னிக்கி. வந்து உங்கள கேட்டேன். நல்லாத்தான் கீதுன்னீங்க."

மறந்துவிட்டேன், உறுதியாகத் தெரியவில்லை என்று ரயிலில் ஒத்திகை பார்த்தவை நாலைந்து இருந்தன. பையைக் கீழே இறக்கிவைத்தான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சரி பண்ணிடுவ."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அந்த பிரேசில் ஆளு ரெண்டு நாளா ஊட்டுக்கு போகலயாம். எனக்கு தனியா எழுதிருந்தாரு. திட்டக்கூட இல்ல. பாவம், ப்ளீஸ்னு எழுதிருந்தாரு." கட்டிலிலிருந்து இறங்கினாள். "ஃபிக்ஸ் மத்தியானமே அனுப்பிட்டேன். ரெண்டு வரிதான். கண்டுபிடிச்சது நீங்கன்னு உங்க பேர போட்டிருக்கேன். லாக்க அப்டியே இணைச்சிருக்கேன்."

"தேதியோடவா?"

"லாக்குல தேதி இருக்குமில்ல."

அவள் கீழே போய் மாமியாரோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். தன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் அப்படிச் செய்தாளா, கண்டுபிடித்தவனின் பெயர் விட்டுப்போகக் கூடாது என்று செய்தாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கும் துணிச்சலும் இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஆபீசில், மெயின்டெய்னரின் மெயில் வந்தது. திருத்தம் சரி, எடுத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு கேள்வி என்று எழுதியிருந்தார். இணைத்த லாக்கில் இருக்கும் தேதி, முதல் பேட்சை நான் ஏற்பதற்கு ஐந்து நாள் முந்தியது. இது முன்பே தெரிந்திருந்ததா? கேள்வி செல்வகுமாருக்கு என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். அபிஷேக்கின் திரையிலும் அதே மெயில் திறந்திருந்தது. அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

டெஸ்க்டாப்பின் உள்கடிகார பேட்டரி தீர்ந்துவிட்டது, தேதி தப்பு என்று ஒரு பதில் எழுதினான். எவரும் நம்பக்கூடியது. பழைய மெஷின்களில் நடப்பதுதான். அனுப்பும் இடத்தில் விரலை வைத்தான். வீட்டில் அதைப் படிக்கப்போகிறவள் ஒருத்தி இருக்கிறாள், மறுத்து ஒரு வார்த்தை எழுதமாட்டாள். அதுதான் அவனைத் தடுத்தது. அழித்துவிட்டு மூன்று வாக்கியம் எழுதினான். தேதி சரி. அன்றே பார்த்தேன், காரணமும் தெரிந்தது, வேண்டுமென்றே தெரிவிக்கவில்லை. அனுசுயாவுக்கு இது நேற்றுவரை தெரியாது.

அனுப்பியபின் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

லிஸ்டில் அதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. மெயின்டெய்னர் தனியாக இரண்டு வரி அனுப்பியிருந்தார். சொன்னதற்கு நன்றி, இனி உங்கள் சோதனை முடிவுகளை இன்னொருவர் உறுதிசெய்தால்தான் ஏற்பேன். நாகேந்திரன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. "என்னப்பா இது, ஊட்டு சண்டைய உலகத்துக்கே எழுதி வெச்சிருக்க," என்றார். ஒரு வருடத்துக்கு லிஸ்ட் வேலை வேண்டாம், ஆபீஸ் டூல்களைப் பார்த்துக்கொள் என்றார்.

இன்டர்வியூவில் அனுசுயாவிடம் அந்தத் தப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். எங்கே தவறியது, இனி எப்படிச் சோதிப்பாள் என்று சொன்னாளாம். கணவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம்.

அவர்கள் சண்டை போடவில்லை. கரண்ட் பில், மளிகை, அம்மாவின் கண் ஆஸ்பத்திரி எல்லாம் பேசினார்கள். புரோகிராம் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் அறைக்குள் வந்தால் திரையை மறைப்பதில்லை, ஆனால் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள். பொன்னம்மாள் ஒருநாள் மகனிடம் கேட்டாள், "இன்னாடா, ரெண்டு பேரும் லாட்ஜில தங்கிகினு இருக்கற மாதிரி கீறீங்க?"

ஒரு வருடம் ஆவதற்குள் நாகேந்திரன் மறுபடி லிஸ்டைப் பார்க்கச் சொன்னார், படிக்க மட்டும். அந்த வெள்ளிக்கிழமை இருவரும் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள், அவள் ஒரு அறையில், அவன் இன்னொன்றில். பத்தரை மணிக்கு அனுசுயாவின் புதுத் தொடர் லிஸ்டில் வந்தது. நெட்வொர்க் டிரைவர், எட்டு பேட்சுகள். அவள் அதை எழுதிக்கொண்டிருந்ததே அவனுக்குத் தெரியாது. ஊர்பேர் தெரியாத ஆட்களோடு சேர்ந்து படித்தான். மூன்றாவது பேட்சில் ஒரு யோசனை இருந்தது. தனக்கு ஜென்மத்தில் தோன்றியிருக்காது என்று தெரிந்தது. வயிறு எரிந்தது, முதல் நாள் எரிந்தது போலவே, கொஞ்சமும் குறையாமல்.

ஆறாவதில் ஒரு தப்பைப் பார்த்தான். ஏதாவது பாதியில் தோற்றால், பிடித்துவைத்த நினைவிடத்தை விடாமல் வெளியே வந்துவிடுகிறது. சின்னதுதான். பதில் பெட்டியைத் திறந்து, ஹாய் அனுசுயா என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, வரி எண்ணைப் போட்டு, என்ன ஆகும் என்று எழுதினான். அனுப்பப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவள் பதில் லிஸ்டுக்கு வந்தது. சரியாகச் சொன்னீர்கள், அடுத்த அனுப்புதலில் திருத்துகிறேன், நன்றி.

சற்று நேரம் கழித்துப் பையோடு வாசலில் வந்து நின்றாள். "மார்க்கெட்டுக்கு போறேன். இன்னா காய் வேணும்?"

"எதுனா வாங்கியா."

அவள் படி இறங்கிப் போனாள். செல்வகுமார் அந்தத் தொடரை முதல் பேட்சிலிருந்து மறுபடி படித்தான். வேறு தப்பு எதுவும் கிடைக்கவில்லை.